சிற்றலையிலிருந்து இணைய வானொலிக்கு: அறியப்படாத இசைஞர் கேட்கப்படும் விதம்

வானொலி பிறந்த நாள் முதல் இரண்டு பணிகளை ஒருசேரச் செய்து வந்திருக்கிறது. ஓரிடத்தில் எழும் ஒலியைத் தொலைவில் இருப்பவரின் காதுக்குக் கொண்டு சேர்ப்பது முதற்பணி. கேட்கத்தக்க எண்ணற்ற ஒலிகளுள் எதை இப்போது கேட்பது என்பதைக் கேட்பவரின் சார்பில் தெரிந்தெடுப்பது இரண்டாவது பணி. முதற்பணிக்குரிய தொழில்நுட்பம் கடந்த நூறு ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. வானில் தெறித்துப் பயணித்த மின்காந்த அலையின் இடத்தை இன்று கடலடிக் கம்பியூடாக ஓடும் எண்கள் பிடித்துக்கொண்டுள்ளன. இரண்டாவது பணியோ இன்றும் மனிதரின் செவியையும் தீர்ப்பையும் நம்பியே நிற்கிறது. பெரிய இசை நிறுவனங்களின் துணையின்றித் தாமே பாடலை ஆக்கித் தாமே வெளியிடும் சுயாதீன இசைஞர் மக்களைச் சென்றடைவது, பெரும்பாலும் இந்த இரண்டாவது பணி எவ்வளவு நேர்மையாகச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இவ்விரு பணிகளின் வரலாற்றையும் விளக்குவதற்குத் திருகோணமலை மாவட்டம் பொருத்தமான இடமாகும். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில் திரியாய் அமைந்துள்ளது. இங்குள்ள குன்றின் பாறையில் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டொன்று கடல் கடந்து வந்த வணிகரைப் பற்றிப் பேசுகிறது. பிற்காலத்தில் போரினால் முற்றாக இடம்பெயர்ந்து பின்னர் மீளக் குடியேறிய இவ்வூர், செய்திக்கும் இசைக்கும் நெடுங்காலம் வானொலியையே நம்பியிருந்த கடலோரக் கிராமங்களுள் ஒன்றாகும்.

அத்தகைய ஊருக்கு எந்த வானொலி எட்டும் என்பதை முதலில் இயற்பியலே தீர்மானிக்கிறது. பண்பலை எனப்படும் எப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வதால் பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை. சமதரையில் 100 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் பண்பலையின் வானொலி அடிவானம் ஏறத்தாழ 41 கிலோமீற்றர் தொலைவில் முடிந்துவிடும். ஆகவே தலைநகரின் பண்பலை நிலையம் ஒன்று கரையோரக் கிராமத்தை எட்ட வேண்டுமானால், இடையில் மலையுச்சிகளிலோ மாவட்ட நகரங்களிலோ மறுவொலிபரப்பு நிலையங்கள் தேவைப்படுகின்றன.

வானம் திருப்பியனுப்பிய ஒலி

சிற்றலை இந்த எல்லைக்கு உட்படாதது. 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலைகள், தரைக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் வரை பரந்திருக்கும் அயனமண்டலத்தால் வளைக்கப்பட்டு மீண்டும் பூமிக்குத் திரும்புகின்றன. சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அவ்வுயரத்திலுள்ள வாயு அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுப்பதால் உருவாகும் இந்த மின்னேற்றப் படலத்தைப் பற்றி 1902இல் ஆர்தர் கென்னலியும் ஒலிவர் ஹெவிசைட்டும் தனித்தனியே ஊகித்துக் கூறினர். 1924இல் எட்வேர்ட் அப்பிள்டன் அதன் இருப்பைப் பரிசோதனையால் நிறுவி, 1947இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். படலத்தின் கீழடுக்கு பகலில் மத்திய அலையை உறிஞ்சி, சூரியன் மறைந்ததும் வலுவிழந்து போவதால்தான், பகலிற் கேளாத தொலைதூர நிலையங்கள் இரவிலே தெளிவாகக் கேட்கின்றன.

இலங்கையின் இருப்பிடமும் இந்த இயற்பியலும் சேர்ந்தே இத்தீவை ஒலிபரப்பின் மையங்களுள் ஒன்றாக்கின. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலைத் துறைமுகம் நேச நாடுகளின் கடற்படைத் தளமாக விளங்கியது. தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் படையினருக்காக ‘ரேடியோ சீயக்’ என்னும் நிலையம் நிறுவப்பட்டு, அதன் வலுமிக்க சிற்றலைக் கருவிகள் போருக்குப் பின் இலங்கை வானொலியிடம் கையளிக்கப்பட்டன. 1980களில் ஜேர்மனியின் டொயிச்சே வெலே நிறுவனம் ஆசிய நேயர்களுக்கான தன் அஞ்சல் நிலையத்தைத் திருகோணமலையில் அமைத்தது. அஞ்சல் நிலையம் என்பது தொலைவிலிருந்து பெறும் நிகழ்ச்சியை வலுவூட்டி மீண்டும் வானில் ஏவும் நிலையமாகும். 2010களில் இந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமானது. உலகெங்கும் நேயர் இணையத்துக்கு இடம்பெயர்ந்ததால் சிற்றலை ஒலிபரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்ட காலம் அது.

சிற்றலையின் வீச்சு இசைக்கு ஆற்றிய தொண்டு இங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கரின் காலத்தில் திரைப்பாடல்கள் அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கப்பட்டபோது, துணைக்கண்டத்தின் நேயர் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குத் திரும்பினர்; 1957இல் அகில இந்திய வானொலி விவித பாரதி சேவையைத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியே முதன்மைக் காரணமாயிற்று. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலான அறிவிப்பாளர் தமிழகத்தின் சிற்றூர்களிலும் வீட்டுப் பெயர்களாயினர். திரைப்பாடலுக்கு அப்பால், ஈழத்தில் எழுந்த பொப்பிசைக்கும் இந்த வானொலியே களம் அமைத்துக் கொடுத்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்கள் எந்தத் திரைப்படத்துக்காகவும் ஆக்கப்படாதவை. பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பரப் பலமும் அவற்றுக்கு இருக்கவில்லை. வானலையில் ஒலித்ததனாலேயே அவை பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பாடப்பட்டன. இன்று சுயாதீன இசை என வழங்கப்படுவதன் முன்னோடி வடிவம் இதுவேயாகும்.

ஒலி எண்ணாகும் முறை

இணைய வானொலி ஒலியை அலையாக அனுப்பாமல் எண்களாக அனுப்புகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வுகளை உணரவல்லது. ஓர் அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால், அந்த அளவைகளிலிருந்தே மூல அலையைப் பிழையின்றி மீட்டெடுக்கலாம் என்பது ஹரி நைக்விஸ்ட், குளோட் ஷனன் ஆகியோரின் பெயரால் வழங்கும் மாதிரியெடுப்புத் தேற்றமாகும். இதன்படியே இறுவட்டில் ஒலி செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட் நீளமுடைய எண்ணாக, இடம் வலம் என இரு தடங்களுக்கும் எழுதப்படுவதால், ஒரு செக்கன் இசைக்கு 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகள் தேவைப்படுகின்றன. 1990களின் தொலைபேசி இணைப்பு இந்தச் சுமையின் மிகச் சிறிய பங்கையே தாங்கவல்லதாயிருந்தது.

இச்சிக்கலுக்கான தீர்வு மனிதச் செவியின் இயல்பிலிருந்தே கிடைத்தது. வாடைக்காற்றுக் காலத்தில் திரியாய்க் கடற்கரையில் நிற்பவருக்கு, அலையின் இரைச்சல் ஓங்கும்போது அருகிற் பேசுபவரின் மெல்லிய சொற்கள் கேளாமற் போகின்றன. காற்றில் அச்சொற்கள் இருந்தும் செவி அவற்றைப் பதிவதில்லை. ஓர் உரத்த ஒலி தன்னை ஒத்த அதிர்வெண்ணுடைய மெல்லொலியை மூடிவிடும் இந்நிகழ்வு ஒலி மறைப்பு எனப்படுகிறது. உரத்த ஒலி எழுவதற்குச் சற்று முன்னும் அது ஓய்ந்த பின்னும்கூட இவ்விளைவு சிறிது நேரம் நீடிக்கிறது. செவி எவற்றைக் கேட்காது என்பதைக் கணித்து, அவற்றுக்குரிய பிட்டுகளைக் குறைத்துவிடுவதே எம்.பி.3 முறையின் அடிப்படையாகும். ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரவுன்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும் இதன் உருவாக்கத்திற் பெரும்பங்கு ஆற்றினர். இசைக்கருவி எதுவுமின்றிப் பாடப்பட்ட சூசான் வேகாவின் ‘டொம்ஸ் டைனர்’ பாடலை அவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தினர், ஏனெனில் தனிக்குரலில் நேரும் சிறு பிழையும் செவிக்கு உடனே புலப்பட்டுவிடும். செக்கனுக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் அமைந்த எம்.பி.3 இசை, இறுவட்டின் தரவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கே ஆகும். 2012இல் தரநிலையாக வெளியான ஓபஸ் முறை இதைவிடக் குறைந்த பிட்டுகளிலேயே நல்ல தரத்தைத் தருகிறது; அதைப் பயன்படுத்தக் காப்புரிமைக் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

பொதிகளாகப் பயணிக்கும் பாடல்

சுருக்கப்பட்ட ஒலி பொதிகள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, நிலையத்தின் கணினியிலிருந்து ஒரு சேவையகத்துக்கும், அங்கிருந்து ஒவ்வொரு நேயரின் கைத்தொலைபேசிக்கும் அனுப்பப்படுகிறது. வழியில் சில பொதிகள் தாமதித்தாலும் இசை தடைப்படாதிருக்க, கைத்தொலைபேசி சில செக்கன்களுக்கான ஒலியை முன்கூட்டியே தேக்கி வைத்துக்கொள்கிறது. இந்த இடைத்தேக்கத்தினாலேயே இணைய வானொலியின் நேர அறிவிப்பு உண்மை நேரத்துக்குச் சற்றுப் பிந்திக் கேட்கிறது.

1993இல் கார்ல் மலமூட் ‘இன்டர்நெட் டோக் ரேடியோ’ என்னும் பெயரில் உரையாடல்களைக் கோப்புகளாக இணையத்தில் வழங்கத் தொடங்கினார். 1994 நவம்பரில் அமெரிக்காவின் சப்பல் ஹில் நகரிலுள்ள பல்கலைக்கழக மாணவர் வானொலியான டபிள்யூ.எக்ஸ்.வை.சி., தன் வான்வழி ஒலிபரப்பை அதே நேரத்தில் இணையத்திலும் ஒலிக்கச் செய்தது. 1995இல் ரியல் ஓடியோவும், 1990களின் இறுதியில் ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் ஆகிய மென்பொருள்களும் வந்த பின்னர், ஒரு கணினியும் ஒலிவாங்கியும் இணைய இணைப்பும் உடைய எவரும் நிலையம் நடத்தலாம் என்னும் நிலை உருவாயிற்று.

அதே காலப்பகுதியில் இலங்கையின் மலைநாட்டில் இதற்கு மறுதிசையான முயற்சி ஒன்று நடைபெற்றது. கொத்மலை சமூக வானொலியில் யுனெஸ்கோவின் துணையுடன் தொடங்கப்பட்ட திட்டத்தில், கிராமத்தவர் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, அதை மக்களின் மொழியில் வானொலியில் விளக்கினர். கணினி எட்டாத வீட்டுக்கு வானொலி இணையத்தைக் கொண்டு சென்ற இந்தத் திட்டம் பல நாடுகளின் ஆய்வாளர்களால் முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது. இணையமும் வானொலியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவல்லவை என்பதற்குக் கொத்மலை இந்நாட்டிலேயே கிடைத்த சான்றாகும்.

புலம்பெயர்ந்த தமிழரின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1990களில் ரொறன்ரோவில் தமிழ் ஒலிபரப்புகள் துணையலை முறையிற் செய்யப்பட்டன. ஒரு பண்பலை நிலையத்தின் அலைக்குள்ளேயே, சாதாரண வானொலிக்குப் புலப்படாத வேறோர் ஒலித்தடத்தை ஏற்றி அனுப்புவது இம்முறையாகும், அதைக் கேட்கத் தனிப்பட்ட வாங்கி தேவைப்பட்டது. இணையம் வந்த பின் அத்தகைய வாங்கிக்குத் தேவை இல்லாமற் போயிற்று. கனடாவிலோ பிரான்சிலோ அவுஸ்திரேலியாவிலோ பேசப்படும் தமிழைத் திரியாயிலிருப்பவரும், திருகோணமலையின் செய்தியை ரொறன்ரோவில் இருப்பவரும் கேட்கலாயினர்.

ஆயினும் வான்வழி ஒலிபரப்புக்கும் இணைய ஒலிபரப்புக்கும் செலவில் அடிப்படையான வேறுபாடு உண்டு. வானலையில் நேயர் ஒருவராயினும் பத்து இலட்சம் பேராயினும் நிலையத்தின் மின்செலவு மாறுவதில்லை. இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்பட வேண்டியிருப்பதால், செக்கனுக்கு 64 கிலோபிட் அளவிலான நிலையமொன்று 1,000 பேரைச் சென்றடைய 64 மெகாபிட் கொள்ளளவு தேவைப்படுகிறது. நேயரின் தரப்பிலும் செலவு உண்டு. 64 கிலோபிட் அளவில் ஒரு மணிநேரம் கேட்பதற்கு 28.8 மெகாபைட் தரவும், 128 கிலோபிட் அளவில் அதன் இரு மடங்கும் செலவாகும். ஒரு கிகாபைட் தரவில் முதலாவது அளவில் ஏறத்தாழ 35 மணிநேரம் கேட்கலாம் என்பதால், அதே நேரத்துக்குக் காணொளி பார்ப்பதை விட இது பன்மடங்கு சிக்கனமானது.

புகழ் புகழைப் பெருக்கும் விதம்

வானலை யுகத்தில் அரிதாக இருந்தது அலைவரிசை. இணைய யுகத்தில் அரிதாக இருப்பது நேயரின் கவனம். எவரும் பாடலை வெளியிடலாம் என்னும் நிலையில், எவருடைய பாடல் கேட்கப்படும் என்ற கேள்வியே முதன்மை பெறுகிறது. இக்கேள்விக்கு மத்தியூ சல்கானிக், பீட்டர் டொட்ஸ், டன்கன் வட்ஸ் ஆகியோர் 2006இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட பரிசோதனை தெளிவான விடையைத் தந்தது. அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேர் இணையத்திற் கேட்டு, விரும்பியவற்றைத் தரவிறக்கினர். ஒரு பிரிவினருக்குப் பிறரின் தெரிவு காட்டப்படவில்லை. ஏனையோர் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகில் ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்பதைக் காண அனுமதிக்கப்பட்டனர். பிறரின் தெரிவைக் கண்டவர்களிடையே முன்னணிப் பாடல்களுக்கும் ஏனையவற்றுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு பெருகியது. எட்டு உலகங்களிலும் முன்னணிக்கு வந்த பாடல்கள் ஒன்றுபோல் இருக்கவுமில்லை. மிகச் சிறந்தவை பெரும்பாலும் முற்றாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. இடைப்பட்டவற்றின் விதியைத் தற்செயலான தொடக்கமே முடிவு செய்தது.

பெரிய இசைச் செயலிகளின் பரிந்துரை வழிமுறைகளும் இதே சூழலிலேயே இயங்குகின்றன. ஒரே பாடலை விரும்பிய இருவரின் பிற விருப்பங்களும் ஒத்திருக்கும் என்ற கணிப்பில் அமைந்த கூட்டு வடிகட்டல் முறைக்கு, ஏற்கெனவே பலர் கேட்ட பதிவு தேவை. நேற்று வெளியான பாடலுக்கு அத்தகைய பதிவு இல்லாததால் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. பரிந்துரைக்கப்படாததால் பதிவும் சேர்வதில்லை. கணினியியலில் இது குளிர்த் தொடக்கச் சிக்கல் எனப்படுகிறது. வருமானத்திலும் இந்த வட்டம் தொடர்கிறது. 2024 முதல் ஸ்பொட்டிபை செயலியில், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு உரிமத்தொகை கணக்கிடப்படுவதில்லை.

உளவியலும் அறிமுகத்தின் வலிமையை உறுதி செய்கிறது. ஒன்றை மீண்டும் மீண்டும் காண்பதும் கேட்பதுமே அதன் மீது விருப்பம் வளரப் போதுமானது என்பதை ரொபேர்ட் சயோன்ஸ் 1968இல் பரிசோதனைகளாற் காட்டினார். எனவே முதல் சில தடவைகள் கேட்கப்படும் வாய்ப்பே கிட்டாத பாடல், தன் தகுதியால் அல்லாமல் அறிமுகமின்மையாலேயே தோற்கிறது.

தெரிவு செய்யும் செவி

இந்த வட்டத்தை உடைக்கவல்லவர் நல்ல வானொலித் தொகுப்பாளர். எத்தனை பேர் ஏற்கெனவே கேட்டனர் என்பதைப் பொருட்படுத்தாமல், தம் செவிக்குச் சிறந்ததாகப் பட்ட பாடலை, யார் எங்கே ஆக்கியது என்னும் விளக்கத்துடன், முன்பு அதைக் கேட்டிராத பலருக்கு ஒரே வேளையில் அவர் அறிமுகப்படுத்துகிறார். 1967 முதல் 2004இல் தாம் மறையும் வரை பிபிசி வானொலியில் ஜோன் பீல் செய்த பணி இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. இணையத்தில், 2000இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி விளம்பரமின்றி நேயரின் நன்கொடையால் நடக்கும் சோமா எப்.எம்., 2011இல் இலண்டனிற் பிறந்த என்.டி.எஸ். முதலிய நிலையங்கள் அதே மரபைத் தொடர்கின்றன. 2016இல் நெதர்லாந்தில் உருவான ‘ரேடியோ கார்டன்’, உலக உருண்டையின் மீது பச்சைப் புள்ளிகளாகத் தெரியும் ஆயிரக்கணக்கான நிலையங்களை விரல் தொட்ட இடத்திலேயே கேட்கச் செய்கிறது.

தமிழரின் சுயாதீன இசையும் இவ்வழிகளிலேயே வளர்ந்தது. யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்த மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2003இல் ‘கலாங்’ பாடலை வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளியிட்டார். நடன அரங்குகளும் கல்லூரி வானொலிகளும் இணையப் பகிர்வுமே அதைப் பரப்பின, 2005இல் அவருடைய முதல் இசைத்தொகுப்பான ‘அருளர்’ வெளிவந்தது. 2006இல் மலேசியாவில் யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ தமிழ்ச் சொல்லிசைக்குப் புதிய தொடக்கமாயிற்று. 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ரொக் இசையையும் சொல்லிசையையும் இணைத்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலும் மிருதங்கக் கலைஞர் யஞ்சனும் மிருதங்கத்தின் தாளத்தையே சொல்லிசையின் அடித்தளமாக்கினர். திரைப்படத்தை நம்பாத தமிழ் இசைக்குப் பல கண்டங்களில் நேயர் உள்ளனர் என்பதை இவர்கள் நிறுவியுள்ளனர்.

திருகோணமலை மாவட்டத்திலும் அதன் அயலிலும், பதிவாகி உலகைச் சென்றடையக் காத்திருக்கும் ஒலிகள் பல உள்ளன. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள், கூத்துகள், கோயில் வேள்விகளிலும் சடங்குகளிலும் ஒலிக்கும் பறையும் உடுக்கும், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சமூகம் காத்துவரும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடல்கள், கஃப்ரிஞ்ஞா ஆடலிசை ஆகியன அவற்றுட் சில. இவற்றைப் பெரிய வர்த்தக நிலையங்கள் நாள்தோறும் ஒலிபரப்பும் என எதிர்பார்ப்பதற்கில்லை. இணைய வானொலி தனக்கென வான் அலைவரிசை எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஐஸ்காஸ்ட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாமே உரிமை வைத்திருக்கும் உள்ளூர் இசைஞர் தம் பாடலை ஒலிபரப்ப நேரடியாக அனுமதி வழங்கலாம். எனவே ஒரு பாடசாலையின் இசைக்கழகமோ கிராமத்தின் வாசிகசாலையோ இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்குவது இன்று இயலக்கூடிய செயலாகும்.

நேயரின் கடமையும் இதிற் சிறிதன்று. இணைய வானொலியில் மனதைக் கவர்ந்த பாடலைக் கேட்டால், நிலையம் காட்டும் பாடற்பட்டியலிலிருந்து இசைஞரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவருடைய பிற பாடல்களையும் தேடிக் கேட்க வேண்டும். 2008 முதல் இயங்கும் பாண்ட்காம்ப் போன்ற தளங்களில் ஒரு பாடற்கோப்பை விலைகொடுத்து வாங்கும்போது, தளத்துக்குரிய 15 விழுக்காடும் பணப்பரிமாற்றக் கட்டணமும் போக எஞ்சியது இசைஞரையே சேருகிறது. செயலியிற் பல தடவை கேட்பதால் அவருக்குக் கிடைப்பதை விட இது மிகுதியாகும். வாங்க இயலாதவர் பாடலைப் பிறருக்கு அறிமுகப்படுத்தலாம், நிலையத்துக்கு ஒரு வரி எழுதலாம். நல்ல தொகுப்பாளரையும் தம் காலில் நிற்கும் இசைஞரையும் வாழவைப்பது இத்தகைய சிறு செயல்களே. ஆகவே தமிழ் நேயர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மணிநேரமாவது, தாம் முன்பு கேட்டிராத ஒரு நிலையத்துக்கும் முன்பு அறிந்திராத ஓர் இசைஞருக்கும் செவிகொடுக்க வேண்டும்.